மைனருக்கு டொயோட்டா என்ஜின் போட்டா அது மைனர் இல்லையா? (கல்லடிக் கடற்கரையில நடந்த கதை)

வாவிமீன்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்து வாசிங்க. போன ஞாயித்துக்கிழமை பின்னேரம் கல்லடிக் கடற்கரையில பழைய வாகனக்காரர் கொஞ்சப்பேர் கூடினாங்க, நானும் எங்கட அப்பப்பாட மைனரக் கொண்டு போனன். 1958ம் வருசத்து மொறிஸ் மைனர், நாலு கதவு. போய் நிப்பாட்டினதும் நல்லாத்தான் கதைச்சாங்க, பெயின்ட் வடிவு எண்டாங்க, ஒராள் சீற்றத் தடவிப் பாத்து எங்க தைச்ச எண்டு கேட்டார். மறுகா பொனட்டத் துறக்கச் சொன்னாங்க. துறந்தன். அதோட கதை நிண்டுபோச்சு. உள்ளுக்க இருக்கிறது டொயோட்டா 4கே என்ஜின், கொரோல்லா டிஎக்ஸ் கார்ட, கியர்பொக்ஸோட சேத்து இறக்கினது. ஒரு வயசான சேர் கண்ணாடியக் கழட்டி சேட்டில துடைச்சுப் போட்டுத் திரும்பப் பாத்திட்டு, "தம்பி இது மைனர் இல்ல, மைனர்ட தோல்" எண்டார். சுத்தி நிண்ட எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்தில நிண்டவர் தன்ட காரை எடுத்து ரெண்டடி தள்ளி நிப்பாட்டினார், சத்தியமாச் சொல்றன், நானே பாத்தன்.

இந்தக் கார் 2004 சுனாமியில கூரை மட்டும் தண்ணிக்குள்ள கிடந்தது. மண்ணும் உப்பும் போய் பழைய 948 சிசி என்ஜின் அப்பிடியே இறுகிப்போச்சு. அப்பா அத விக்கவும் இல்ல இரும்புக்குப் போடவும் இல்ல, கிடுகுக் கொட்டில் ஒண்டு போட்டு 14 வருசம் மூடி வச்சிருந்தார். இரும்புக்காரன் மாசத்துக்கு ஒருக்கா வந்து விலை கேட்டுட்டுப் போவான். நான் வேலைக்குப் போய்க் காசு சேத்து எடுத்துப் பாக்கக்குள்ள என்ஜின் புளொக்கில வெடிப்பு. வேற புளொக் தேடி மாத்தளை, குருநாகல் எண்டு அலைஞ்சு முடியாமத்தான் 4கே போட்டது. இப்ப சொல்லுங்க, ஓடாம கொட்டிலுக்குள்ள கிடந்தா அது மைனர், ஓடினா தோலா?

கல்முனைக்குடி_காக்கா:
தம்பி மனம் விடாதீங்க. 4கே நல்ல சாமான், 1290 சிசி, தண்ணியும் ஒயிலும் ஒழுங்காப் பாத்தா உங்கட மகனும் ஓட்டுவான். மைனருக்குள்ள என்ஜின் இறக்குற லேசு, ஏன் தெரியுமா, அந்தக் காரை முதல்ல வேற மாதிரி என்ஜினுக்குத்தான் கீறினாங்க, ரெண்டு பக்கமும் படுத்துக் கிடக்குற நாலு சிலிண்டர். மறுகா காசில்லாம பழைய என்ஜினப் போட்டாங்க. அதால பொனட்டுக்குள்ள இடம் தாராளமா இரிக்கி. எங்கட வாப்பா காலத்தில இருந்து எங்கட கார் திருத்துற கராச்சில எத்தனை இறக்கியிருப்பம், டட்சன் ஏ12, டொயோட்டா கே, டீசல் 2சி கூட ஒருக்கா. அந்த 2சி பாரம் தாங்காம முன்பக்கம் பன்றி கிழங்கு தோண்டுற மாதிரிக் குனிஞ்சிட்டு, அது வேற கதை.

ஒரு கேள்வி. பிரேக் என்ன போட்டிரிக்கீங்க? 1958 எண்டா முன்னுக்கு ஏழு இஞ்சி ட்ரம்தான் இரிக்கும். அது 37 குதிரைக்குச் செஞ்ச பிரேக், 4கேக்குக் காணாது.

அசல்_மட்டும்:
தோல் எண்டு சொன்னது நான்தான். ஆர் எண்டு தேட வேணாம், களுவாஞ்சிகுடியில இருந்து எழுதுறன்.

தம்பிக்கு மனம் நொந்திருந்தா அதுக்கு வருத்தம். சொன்ன விசயத்துக்கு வருத்தம் இல்ல. என்ட கார் 1959, 31 வருசமா என்னட்ட. கதவுத் தூணில இருக்கிற, திரும்பக்குள்ள சிக்னல் காட்டுற கைகாட்டி இண்டைக்கும் எழும்பும், இடது பக்கம் கொஞ்சம் சோம்பல், ஒரு தட்டுத் தட்டினா எழும்பும். எஸ்யு கார்ப்ரேட்டருக்கு ஒரு ஊசி எடுக்க இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிப் போட்டு நாலு மாசம் காத்திருந்த ஆள் நான், அப்ப இன்டர்நெட் இல்ல, சம்பளத்தில பாதி போச்சு, மனிசி ரெண்டு நாள் கதைக்கல்ல. இப்ப ஆராவது வந்து ரெண்டு கிழமைக்குள்ள ஒரு டொயோட்டாவத் தூக்கி வச்சிட்டு "நானும் மைனர்காரன்" எண்டா எனக்கு ஏத்துக்கொள்ள ஏலாது. நாலு பேர் மாத்தினா நாலு கார் குறையுது. கடைசியில மைனர் எப்பிடி இருந்த எண்டு பாக்கிறதுக்கே ஒண்டும் மிஞ்சாது.

டிஎக்ஸ்70_ஆரையம்பதி:
ஹாஹா வாவிமீன் அண்ண, இப்ப நோகுதா? போன மாசம் என்ட டிஎக்ஸ் வேகன் படம் போட்டப்ப ஆரு "றோட்டக் கூட்டுற விளக்குமாறு" எண்டு எழுதின? நான் மறக்கல்ல. கார் பதிஞ்சு கிடந்தா உங்களுக்குப் பகிடி, உங்கட காருக்குள்ள என்ட கார்ட என்ஜின் கிடந்தா அது மட்டும் பாசமா? அந்த 4கே எங்கட குடும்பத்து ஆள், சம்பந்தி முறையில நாங்க சொந்தக்காரர்.

வாவிமீன்:
எழுதினது உண்மைதான் தம்பி. அழிச்சுட்டன். ஆனா நீ ஸ்பிரிங்க வெட்டித்தானே பதிச்ச?

டிஎக்ஸ்70_ஆரையம்பதி:
ஒண்டரைச் சுத்துத்தான் வெட்டின.

கல்முனைக்குடி_காக்கா:
மனே அத மட்டும் சொல்லாத, எனக்கு நெஞ்சு இடிக்குது. கேஸ் வச்சு சுட்டு வெட்டினா ஸ்பிரிங் பதம் போயிரும், ஒரு கிடங்கில விழுந்து முறியும். முறிஞ்ச ஆளை நான் கண்டிரிக்கன். பதிக்க ஆசை எண்டா கட்டை ஸ்பிரிங் வாங்கு, ஷொக்கும் அதுக்கேத்த மாதிரிப் போடு. உன்ட ஆசை உன்னோட, ஆனா எதிர்ல சைக்கிள்ல வாற பிள்ளைக்கும் அந்த றோட்டுத்தான். நாளைக்குக் கராச்சுக்கு வா, வேலைக்குக் காசு வேணாம்.

ஊறணி_ஓட்டோ:
எல்லாரும் கதைக்கிறீங்க, நானும் ஒண்டு சொல்லவா. என்ட பஜாஜ் ஓட்டோவுக்குள்ள போட்டிருக்கிற வேலை ஒரு கார்க்காரனும் போடல்ல. சீற் ரெண்டு நிறத்தில வைரம் வைரமாத் தையல், கூரைக்குள்ள வெள்ளித் தாள், பின்னுக்கு எங்கட மாமாங்கப் பிள்ளையார் கையால கீறினது, ஸ்டிக்கர் இல்ல. எட்டு மாசம் ராவு ராவா இருந்து செஞ்ச. கடற்கரைக்குக் கொண்டு வந்தன், இந்த டிஎக்ஸ் தம்பிதான் "அண்ண ஹயர் வேணாம்" எண்டார். ஹயருக்கு வரல்ல தம்பி, காட்ட வந்த.

டிஎக்ஸ்70_ஆரையம்பதி:
அண்ண அது நீங்களா 😭😭 சத்தியமாத் தெரியாது மன்னிச்சுக்கொள்ளுங்க

வாவிமீன்:
ஹாஹாஹா. எனக்கு இப்பதான் கொஞ்சம் ஆறுதல்.

ஊறணி_ஓட்டோ:
ஆறுதல் பட வேணாம், நான் லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டர்ல லைட் கட்டி ஓடுற வவுணதீவுப் பொடியன்களப் பாத்துச் சிரிச்சிருக்கன். அவங்க இஞ்ச எழுத வராததால தப்பிட்டன்.

ஸ்காபரோ_மட்டக்களப்பான்:
கனடாவில இருந்து. இழையை இரவுச் சிப்ட்டில இருந்து வாசிச்சன், ரெண்டு தரம் சிரிச்சு சூப்பர்வைசர் திரும்பிப் பாத்திட்டான்.

இஞ்ச கோடைக்கு ஹொட் றொட் காரர் கூடுவாங்க, பெரிய கார்ப் பார்க்கில. ஒரு பழைய காலத்து அமெரிக்கக் காரை எடுத்து மட்காட் கழட்டி, கூரையை வெட்டிப் பதிச்சு, பெரிய என்ஜின் ஏத்துறதுதான் ஹொட் றொட். வெட்டுறதுதான் அவங்கட தொழிலே, அப்ப அங்க ஒறிஜினல் சண்டை இருக்காது எண்டுதானே நினைப்பீங்க? அதவிடக் கூட. 1932 போர்ட் கார் எண்டா அவங்களுக்குக் குலதெய்வம். போர்ட் கொம்பனி அந்த வருசம்தான் சாதாரண சனம் வாங்குற விலையில வி8 என்ஜின் போட்டு விட்டது, 221 கன இஞ்சி, 65 குதிரை. அதப் பழசா வாங்கின கலிபோர்னியாப் பொடியன்கள் தேவையில்லாத தகடெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு, வத்திப்போன ஏரி நிலத்தில ஓட்டிப் பாத்தாங்க, ஆர் வேகம் எண்டு. 1937ல அதுக்கெண்டு சங்கமே கட்டிட்டாங்க. காசில்லாத பொடியன்கள், பழஞ்சாமான் கடையில பொறுக்கின பாட்ஸ்.

மறுகா என்ன நடந்த தெரியுமா, 1955ல ஷெவர்லே ஒரு சின்ன வி8 கொண்டு வந்தது, பாரம் குறைய, இழுவை கூட. அதப் போர்டுக்குள்ள போட்டவனைப் பாத்துப் பழைய ஆக்கள் முகத்தைச் சுழிச்சாங்க. பிறகு எல்லாரும் அதையே போட்டாங்க. இப்ப அதுக்கு வச்சிருக்கிற பட்டப்பேர் "தொப்புள் என்ஜின்", எல்லாரிட்டயும் ஒண்டு இருக்காம். பொடி பைபர் எண்டா ஒரு சாதி, அசல் போர்ட் தகடு எண்டா மேல் சாதி. ட்ரெயிலர்ல ஏத்திக் கொண்டு வந்து இறக்கிறவன், ஓட்டிக்கொண்டு வாறவனைப் பாத்து ஊத்தை எண்டுவான், ஓட்டிக்கொண்டு வாறவன் அவனைப் பாத்துக் கண்ணாடிப் பெட்டிக்காரன் எண்டுவான். இந்தக் காசுக்காரர்ட பவுசு பொறுக்காம கொஞ்சப்பேர் கறள் பிடிச்ச தகரத்தையே பெயின்ட் அடிக்காம ஓட்டத் தொடங்கினாங்க, "றாட் றொட்" எண்டு, எலியாம். கொஞ்ச வருசத்தில அதுக்கும் பவுசு வந்திட்டு. புதுத் தகட்டுக்குக் காசு குடுத்துக் கறள் கீறி வாங்கிற ஆக்களை என்ட கண்ணால கண்டன். நம்மட ஊர் உப்புக்காத்து ஓசியில செஞ்சு தாற வேலை!

எனக்கு என்ன படுதெண்டா, அந்த முதல் பொடியன்கள் இண்டைக்கு அதே காரோட வந்தா வாசல்லயே மறிச்சிருவாங்க.

அசல்_மட்டும்:
அமெரிக்காக்காரன்ட கதை அவனுக்குச் சரி. அங்க போர்ட் லட்சக் கணக்கில கிடந்தது, ஒண்ட வெட்டினா இன்னொண்டு. இஞ்ச மட்டக்களப்பு அம்பாறை ரெண்டையும் சேத்து ஓடுற மைனரை நான் விரல் விட்டு எண்ணுவன்.

கல்முனைக்குடி_காக்கா:
சேர் சொல்றதிலயும் ஞாயம் இரிக்கி. ஆனா ஒண்டு கேக்கிறன், கோபிக்காதீங்க. 90கள்ல யாழ்ப்பாணத்தில பெற்றோல் தடை இருந்தப்ப மைனரும் ஒஸ்டின் ஏ40யும் என்னத்தில ஓடின? மண்ணெண்ணெயில. கார்ப்ரேட்டருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுற, சூடு வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாத்துற, பின்னால வெள்ளைப் புகை. இஞ்சால எங்கட வாப்பா ட்ராக்டர் இரும்பில லேத்துப் போட்டு புஷ் கடைஞ்சு எத்தனை மைனருக்குப் போட்டவர். அந்தக் காரெல்லாம் இண்டைக்கு "அசல்" எண்டு விலைப்படுது. உள்ளுக்க பாத்தா பாதி எங்கட வாப்பா.

அசல்_மட்டும்:
அது பஞ்சம். பஞ்சத்தில தவிடு திண்டம், சரி. அதுக்காகக் கலியாண வீட்டிலயும் தவிட்டையா பரிமாறுற?

வாவிமீன்:
சேர், எனக்கு அது பஞ்சம்தான். வெடிச்ச புளொக்க வச்சு நான் என்ன பரிமாற?

அசல்_மட்டும்:
சேசிசில வெட்டினீங்களா?

வாவிமீன்:
இல்ல சேர். மவுண்டிங் ரெண்டும் நட்டுப் போட்டுத்தான் பூட்டியிருக்கு, ஒரு இடத்திலயும் வெட்டல்ல. பழைய என்ஜினும் கொட்டிலுக்குள்ள எண்ணெய் பூசிச் சாக்குப் போட்டுக் கிடக்கு. அப்பா அதத் தொட விடமாட்டார்.

அசல்_மட்டும்:
இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே.

வாவிமீன்:
கேக்கல்லையே சேர். சிரிச்சீங்க.

வாப்பாட_பீட்டில்:
அக்கரைப்பற்றில இருந்து. நான் வாப்பாட வொக்ஸ்வாகனை ஓட்டுறன், அவர் மவுத்தாகிப் பத்து வருசம். கடற்கரைக்கு வந்து இறங்கினதும் முதல் கேள்வி "கூட ஆரும் வரல்லியா?" ரெண்டாவது, என்ஜின் பின்னுக்கு எண்டு தெரியுமா எண்டு. தெரியும், ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அதுக்குக் கீழதான் படுத்துக் கிடக்கிறன். வால்வு டெப்பட் இடைவெளி 0.15 மில்லிமீற்றர், என்ஜின் குளிர்ந்திரிக்கக்குள்ள வெக்கணும், இடைவெளி அளக்கிற வாப்பாட பீலர் கேஜில அந்தத் தகடு மட்டும் தேஞ்சு மினுங்கும். இதச் சொன்னதும் ஒராள் "ஓ, புத்தகத்தில வாசிச்சிரிக்கீங்க" எண்டார். கையை விரிச்சுக் காட்டினன், நகத்துக்குள்ள ஒயில். அவ்வளவுதான், நான் மறுகா வரல்ல. அசலா மாத்தினதா எண்டு நீங்க சண்டை பிடிக்கிறீங்க, என்ட கார் முழுக்க அசல், ஓட்டுறவதான் பிழையாம்.

ஊறணி_ஓட்டோ:
தங்கச்சி அந்த வெள்ளைப் பீட்டில்தானே? நான் அண்டைக்கு உங்களுக்குப் பக்கத்திலதான் நிண்டன், என்னையும் ஒருத்தரும் கதைக்கல்ல. நாம ரெண்டு பேரும் கதைச்சிருக்கலாம்.

வாப்பாட_பீட்டில்:
பிள்ளையார் கீறின ஓட்டோவா? அது வடிவு காக்கா. கண்ணைக் கீறினது ஆரு?

ஊறணி_ஓட்டோ:
நான்தான் 🙏 கண் மட்டும் மூணு நாள்.

ஸ்காபரோ_மட்டக்களப்பான்:
நான் ஊரில இருக்கக்குள்ள இந்த "அசல்" கதையே இல்ல. மைனர் வச்சிருந்தவன ஏழை எண்டுவாங்க, ஓட்டைக் கார்ல பிள்ளையை ஏத்தாத எண்டுவாங்க. 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினாங்க, 2025 பெப்ரவரி வரைக்கும் தனியார் கார் வரல்ல, அதுக்குள்ள பழசெல்லாம் பொன் விலை. அப்பதான் திடீரெண்டு எல்லாருக்கும் பாரம்பரியம் ஞாபகம் வந்தது. பாதிப் பேருக்கு அசல் எண்டா விலைச் சீட்டு. களுவாஞ்சிகுடிச் சேரைச் சொல்லல்ல, அவர் விலை இல்லாத காலத்திலயும் வச்சிருந்தவர், அது வேற.

நம்பர் தகட்டைப் பாருங்களன், முதல் இங்கிலிஷ் எழுத்து, மறுகா ஸ்ரீ, அதுக்குப் பிறகு டேஷ். இங்கிலிஷ் நம்பர்காரன் ஸ்ரீ நம்பர்காரனைக் கணக்கெடுக்கிறதில்ல, ஸ்ரீ நம்பர்காரன் டேஷ் நம்பரைக் கணக்கெடுக்கிறதில்ல. 1957ல சிங்கள ஸ்ரீ எழுத்து தகட்டில வந்தப்ப நம்மட ஆக்கள் அதுக்குத் தார் பூசினவங்க. இண்டைக்கு அந்த ஆக்கள்ட பேரன் அதே எழுத்தைத் துடைச்சு மினுக்கி "அசல் ஸ்ரீ, கை வைக்காத தகடு" எண்டு விளம்பரம் போடுறான். நான் என்னத்தச் சொல்ல.

டிஎக்ஸ்70_ஆரையம்பதி:
இதெல்லாம் போடியார்த்தனம் அண்ண, பழைய வயல் முதலாளிமார்ட குணம். வயல் போச்சு, வண்டி போச்சு, போடியார்ட மிதப்பு மட்டும் கார்ல ஏறி இருக்கு.

அசல்_மட்டும்:
எங்கட தகப்பன் போடியார் இல்ல தம்பி, போடியார்ட காரைக் கழுவினவர். அந்தக் காரைத்தான் நான் வாங்கின.

டிஎக்ஸ்70_ஆரையம்பதி:
...சரி சேர். தெரியாமச் சொல்லிட்டன்.

கல்முனைக்குடி_காக்கா:
இது போகட்டும். நான் ஒண்டு கேக்கிறன், மைனர் வச்சிருக்கிற எல்லாரும் பதில் சொல்லுங்க. முன் சில்லுக்குள்ள கீழ்ப் பக்கம் ட்ரன்னியன் எண்டு ஒரு சாமான் இரிக்கி, புரி வெட்டின கோப்பை மாதிரி, சில்லு திரும்புறதே அதிலதான். ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்கணும். அடிக்காட்டி புரி தேஞ்சு ஒருநாள் கழண்டிரும், சில்லு மட்காட்டுக்குள்ள படுத்திரும். கடைசியா எப்ப அடிச்சீங்க? என்ஜின் அசலா டொயோட்டாவா எண்டு ட்ரன்னியனுக்குத் தெரியாது.

வாவிமீன்:
என்ஜின் போடக்குள்ள ரெண்டும் மாத்தினன். கிறீஸ் ரெண்டு மாசம் முந்தி. பிரேக்கும் சொல்லிட்டன், 1098 சிசி மைனர்ட எட்டு இஞ்சி ட்ரம் தேடிப் போட்டிருக்கன், அதுவும் காணாதெண்டு தெரியும், டிஸ்க் போடத்தான் காசு சேக்கிறன். புகை பாக்கிற எகோ டெஸ்ட் பாஸ், பதிவுப் புக்கிலயும் என்ஜின் நம்பர் மாத்தி எழுதிட்டன்.

அசல்_மட்டும்:
கேட்டதால சொல்றன். 2011ல பெரியகல்லாறுப் பாலத்துக்கு இஞ்சால என்ட காருக்கு அதுதான் நடந்தது. வேகம் இல்ல, இருபதுதான் இருக்கும். இடது சில்லு மடிஞ்சு கார் மூக்கால குத்திச்சு. பின்னுக்கு மனிசியும் பேத்தியும். ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல. அண்டு காலையிலதான் பம்பருக்கு ஒரு மணித்தியாலம் பொலிஷ் போட்டனான். இத ஒருத்தருக்கும் சொன்னதில்ல.

கல்முனைக்குடி_காக்கா:
அல்லாஹ் காப்பாத்தினான் சேர்.

எருவில்_வாசகன்:
நான் கார் இல்லாத ஆள், வாசிக்க மட்டும் வாறவன். ஒரு விசயம் சொல்லிட்டுப் போறன். மைனரைக் கீறின இசிகோனிஸ், கார் விக்க வாறதுக்குக் கொஞ்சம் முந்தி, 1947ல, செஞ்சு வச்ச மாதிரிக் காரைப் பாத்திட்டு ஒடுக்கமா இருக்கெண்டு நெடுக்கால ரெண்டா வெட்டச் சொன்னாராம். ரெண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வச்சுப் பாத்து, நாலு இஞ்சி தள்ளினதும் காணும் எண்டார். பம்பரெல்லாம் பழைய அளவில செஞ்சு முடிஞ்சுது, அதால முதல் வந்த கார்களில பம்பரை நடுவில வெட்டி நாலு இஞ்சித் துண்டு வச்சு ஒட்டுப் போட்டுத்தான் வித்தாங்க. பொனட்டுக்கு நடுவில நீட்டுக்கு ஒரு தட்டையான பட்டி எழும்பி இருக்கே, அந்த நாலு இஞ்சிதான் அது. வெட்டி ஒட்டினவர் ஆர் எண்டு பாத்தா, கீறினவரே.

டிஎக்ஸ்70_ஆரையம்பதி:
🔥🔥🔥 சேர் எங்க

ஊறணி_ஓட்டோ:
சேர் தூங்கிட்டார் போல

வாவிமீன்:
விடு தம்பி.

அசல்_மட்டும்:
தூங்கல்ல. டோர்ச் எடுத்துக்கொண்டு கராச்சுக்குப் போனன். பொனட்டில கை வச்சுப் பாத்தன். பட்டி இருக்குத்தான். 31 வருசமா அதில துணி போட்டுத் துடைக்கிறன், அளந்து பாத்ததில்ல. இப்ப அளந்தன், நாலு இஞ்சிக்குக் கிட்ட வருது.

ஆனா அது கொம்பனி வெட்டினது. அது டிசைன். டொயோட்டா அதில வராது.

வாவிமீன், ஞாயித்துக்கிழமை வாறதெண்டா அந்தப் பழைய 948 என்ஜின்ட நம்பரை எழுதிக்கொண்டு வாங்க. புளொக் வெடிப்பு எந்தப் பக்கம் எண்டும் பாத்து வாங்க. வெளிச் சுவர் எண்டா தைக்கிற ஒராள் எனக்குத் தெரியும்.

வாவிமீன்:
டிஸ்ரிபியூட்டர் பக்கம், கீழ, சாண் நீளம் வரும் சேர். நம்பர் கறளில தெரியுதில்ல, டீசல் போட்டு ஊற வச்சிருக்கன்.

ஊறணி_ஓட்டோ:
ஆரிட்டயாவது கிறீஸ் கன் இரவலுக்கு இருக்கா? ஓட்டோவுக்கு இல்ல, வவுணதீவுப் பொடியன் ஒருத்தன் லேண்ட்மாஸ்டருக்குக் கேக்கிறான்.

வாப்பாட_பீட்டில்:
என்னட்ட இரிக்கி காக்கா, ஞாயித்துக்கிழமை கொண்டு வாறன்.

கல்முனைக்குடி_காக்கா:
டிஎக்ஸ் தம்பி, நீ இன்னும் கராச்சுக்கு வரல்ல.